முதல் வின்டரை வீட்டுக்குள்ளேயே கழிக்க வேண்டுமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ஓகஸ்ற்றில் வவுனியாவிலிருந்து கனடாவுக்கு, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவுக்கு வந்திருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஏழும் நாலும் வயது. நவம்பர் நடுவிலிருந்து பள்ளிக்கூடமும் கடையும் தவிர வேறெங்கும் போகவில்லை. கார் இல்லை, கையில் பெரிய காசும் இல்லை. பெப்ரவரி ஃபமிலி டே லோங் வீக்கெண்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: இந்தக் குளிர் எங்கட ஆக்களின் உடம்புக்குச் சரிவராதோ என்று. நீங்கள் உண்மையாகக் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. எங்கே போவது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இதற்குப் பதில் சொல்லவேண்டும். சரிவரும். நாலு வயதுப் பிள்ளைக்கும் சரிவரும்.

நான் 1999 டிசம்பரில் வந்தவன். முதல் மூன்று வின்டரையும் நீங்கள் இப்போது இருப்பதுபோலவே யன்னலுக்குள்ளால் பார்த்துக் கழித்தேன். பிறகு முதலுதவிப் பயிற்சி எடுத்து, பதினான்கு வருடமாகப் புதிதாக வந்த குடும்பங்களை ஸ்நோவுக்குள் நடக்கக் கூட்டிக்கொண்டு போகிறேன். கீழே எழுதுவதெல்லாம் அந்த நடைகளில் கண்டதும் பயிற்சியில் படித்ததும். நான் டொக்டர் இல்லை. மலைச்சரிவில் வேகமாக இறங்குகிற ஸ்கீயிங் எனக்குத் தெரியாது, ஆகவே அதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உடம்பு பழகுமா என்றால், பழகும். இது நிச்சயமாகத் தெரிந்த விஷயம். திரும்பத் திரும்பக் குளிரில் நிற்கிறவருக்குச் சில வாரங்களில் நடுக்கம் குறைகிறது, அதே குளிர் முன்னைப்போல வலிப்பதில்லை. அக்ரோபரில் 8 பாகைக்கு நடுங்கினவர்கள் மார்ச்சில் அதே 8 பாகைக்கு ஜக்கெற்றைத் திறந்துவிட்டு நடப்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் பழகுவது உணர்ச்சிதான். தோல் உறைவதை அந்தப் பழக்கம் தடுக்காது. இருபது வருடம் இங்கே இருந்தவரின் விரலும் கையுறை இல்லாவிட்டால் உங்கள் விரலைப்போலவே உறையும். ‘எனக்குப் பழகிவிட்டது’ என்று சொல்லித் தொப்பி போடாமல் போகிறவர்களைப் பார்த்து நீங்கள் எதையும் தீர்மானிக்க வேண்டாம்.

அடுத்ததுதான் முக்கியம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குளிருக்குப் பயந்து அளவுக்கு மிஞ்சி உடுத்துகிறார்கள். எங்களைக் கஷ்டப்படுத்துவது பெரும்பாலும் ஈரம், அதுவும் எங்கள் சொந்த வேர்வை. 2000 ஜனவரியில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரவு வேலை முடிந்து பஸ்ஸைப் பிடிக்க ஏற்றத்தில் ஓடினேன். உள்ளே கொட்டன் பெனியன், அதற்கு மேலே கொட்டன் ஷேர்ட், ஜீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மொத்த ஜக்கெற். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு இருபத்தைந்து நிமிடம் நின்றேன். முதல் ஐந்து நிமிடம் சூடாகவே இருந்தது. பிறகு முதுகில் ஒட்டியிருந்த பெனியன் ஐஸ் துணிபோலானது. வீட்டு வாசலுக்கு வந்தபோது திறப்பைப் பூட்டுக்குள் போட முடியவில்லை. திறப்பு கையில் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மைனஸ் 9தான். மைனஸ் 25இல் காய்ந்த உடுப்போடு ஒரு மணித்தியாலம் சந்தோஷமாக நடந்திருக்கிறேன்.

காரணம் எளிமையானது. கொட்டன் நூல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், லேசில் காயாது. சூட்டைப் பிடித்து வைப்பது உடுப்புக்குள் நிற்கிற காற்று. அந்தக் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் நிறைந்தால் சூடு அதன் வழியாக ஓடிவிடும். அதனால் தோலை ஒட்டிப் போடுவது பொலியெஸ்ரர் அல்லது மெரினோ கம்பளியாக இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு ஃபிளீஸ் அல்லது கம்பளி ஸ்வெற்றர். எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் ஈரத்தையும் மறிக்கிற ஜக்கெற். மூன்று அடுக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அடுக்குகளை எப்போது கழற்றுவது என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. வாசலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிரவேண்டும். முதல் பத்து நிமிடமும் ‘இன்னொன்று போட்டிருக்கலாமோ’ என்று தோன்றினால் உடுப்பு சரி. நடந்து சூடேறியதும், வேர்க்கிறதற்கு முதலே, ஜக்கெற்றின் சிப்பைத் திறந்துவிடுங்கள், நடு அடுக்கைக் கழற்றிப் பையில் வையுங்கள். நின்றவுடன் திரும்பப் போடுங்கள். பிள்ளைகள் இதைத் தாங்களாகச் செய்யமாட்டார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அவர்களின் பிடரிக்குள் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள், குளிராக இருந்தால் ஒன்றைப் போடுங்கள்.

விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட நாலு விரலும் சேர்ந்து கிடக்கிற மிற்றன் சூடு. பிள்ளைகளுக்கு மிற்றன்தான், அதுவும் இரண்டு சோடி, ஏனென்றால் ஒன்று அரை மணித்தியாலத்தில் நனைந்துவிடும். பூட்ஸுக்குள் கால்விரலை ஆட்ட இடம் இருக்கவேண்டும். குளிருமென்று இரண்டு சொக்ஸ் திணித்தால் இரத்தோட்டம் நெருக்கப்பட்டுக் கால் இன்னும் குளிரும். இதெல்லாம் புதிதாக வாங்கினால் விலை. பிள்ளைகளின் ஸ்நோ பான்ற்ஸும் பூட்ஸும் ஒரு வின்டரோடு அளவில்லாமல் போய்விடுவதால், பழைய உடுப்புக் கடைகளில் புதிதுபோலவே கிடைக்கும். காசு மட்டுமட்டாக இருந்தால் முதலில் பூட்ஸுக்கும் தோலை ஒட்டிய அடுக்குக்கும் செலவழியுங்கள். பெரிய பெயர் போட்ட ஜக்கெற் கடைசியாக வரட்டும். தலையால்தான் பாதிச் சூடு போகிறது என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். அது பிழை. தலையால் போகிற சூடு கிட்டத்தட்ட அதன் பரப்பளவுக்கு ஏற்ற அளவுதான், பத்தில் ஒரு பங்கு அளவில். தொப்பி போடச் சொல்வது காதுக்காக. காதும் மூக்கு நுனியும் கன்னமும்தான் முதலில் உறைகின்றன.

எவ்வளவு குளிருக்கு வெளியே போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஃபோனில் இரண்டு இலக்கம் காட்டும், ஒன்று காற்றின் வெப்பநிலை, மற்றது விண்ட் சில். வெறும் தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும் என்பதைச் சொல்வது இரண்டாவது. மைனஸ் 10இல் 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்றடித்தால் அது மைனஸ் 18போல. மைனஸ் 15இல் 30 கிலோமீற்றர் காற்று என்றால் மைனஸ் 26. கனடாவின் வானிலைத் திணைக்களம் மைனஸ் 28ஐ ஒரு கோடாக வைத்திருக்கிறது. அதற்குக் கீழே மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். நான் சிறு பிள்ளைகளோடு போகும்போது விண்ட் சில் மைனஸ் 20க்குக் கீழே என்றால் நடையை ஒத்திவைப்பேன். அந்த 20 என் சொந்தக் கணக்கு, விஞ்ஞானம் இல்லை. இன்னொரு பழக்கமும் உதவும். காற்றை எதிர்த்து நடையைத் தொடங்குங்கள், திரும்பி வரும்போது அது முதுகில் படட்டும். களைத்த பிள்ளை முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு வீடு திரும்பக் கூடாது.

தோல் உறைவதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இங்கே ஒட்டியிருக்கிற படங்களிலும் பள்ளிக்கூடத்தில் தருகிற தாள்களிலும் ‘தோல் சிவக்கும், பிறகு வெளுக்கும்’ என்று இருக்கும். அவை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதியவை. எங்கள் தோலில் அந்தச் சிவப்பு தெரியாமலே போகலாம். சாம்பல் பூத்ததுபோல மங்கிய நிறம், மெழுகு தடவினதுபோல ஒரு பளபளப்பு, தொட்டால் மரத்த உணர்ச்சி, இவற்றைத்தான் பார்க்கவேண்டும். ஒரு நடையில் எட்டு வயதுப் பொடியன் ஒருவன் ‘இப்ப கை நோகேல்லை’ என்று சந்தோஷமாகச் சொன்னான். நான் உடனே அவன் மிற்றனைக் கழற்றினேன். நடுவிரல் நுனி விபூதி பூசினதுபோல இருந்தது. அவன் கையைத் தாயின் கக்கத்துக்குள் வைக்கச் சொன்னேன். ஏழெட்டு நிமிடத்தில் நிறம் திரும்பியது, கூடவே நோவும் வந்து அழுதான். அந்த அழுகை நல்ல அறிகுறி. குளிரில் நொந்துகொண்டிருந்த கை சூடு பிடிக்காமலே நோவதை நிறுத்தினால் அதுதான் ஆபத்து. உறைந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, ஸ்நோ வைத்து உரஞ்சவே கூடாது. தோல் கட்டியாகி, சூடு பட்டும் நிறம் திரும்பாவிட்டால் நேரே ஹொஸ்பிற்றலுக்குப் போங்கள். அதேபோல ஒருவர் நாக்குக் குழறிக் கதைத்தால், கால் தடுமாறினால், சிப்பை இழுக்க முடியாமல் நின்றால், உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆஸ்மா இருந்தால் வறண்ட குளிர்காற்று அதைக் கிளப்பும், உங்கள் டொக்டரிடம் முதலில் கதையுங்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் இனித்தான் நல்ல பகுதி. உங்களுக்குக் கிட்டவே ரூஜ் தேசிய நகர்ப் பூங்கா இருக்கிறது. மிருகக்காட்சிச்சாலைக்குப் போகிற ரீரீசீ (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் போய் இறங்கினால் காட்டுப்பாதைகள் தொடங்குகிற இடம் கிட்டத்தான். உள்ளே போக ஒரு சதமும் இல்லை. ஸ்நோ பெய்து முடிந்த அடுத்த நாள், வெய்யில் அடிக்கும்போது போங்கள். புதிய ஸ்நோ சத்தத்தைக் குடித்துவிடும். நெடுஞ்சாலையின் இரைச்சல் திடீரென்று நின்றதுபோல இருக்கும். குளிர் மைனஸ் 10க்குக் கீழே இறங்கினால் காலுக்குக் கீழே ஸ்நோ ‘கிறீச், கிறீச்’ என்று கத்தும். சூடான நாளில் மிதித்தால் ஸ்நோத் துகள்கள் நசிந்து வழுகும். கடுங்குளிரில் அவை உடைகின்றன, அந்த உடைகிற சத்தம்தான் அது. என்னோடு நடக்கிற பிள்ளைகள் இப்போது வாசலில் இரண்டடி வைத்துவிட்டே ‘இன்றைக்கு மைனஸ் பத்துக்குக் கீழே’ என்று சொல்கிறார்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள், வெறும் நடை அவர்களுக்கு அலுத்துவிடும். ஸ்நோவில் காலடிகளைத் தேடச் சொல்லுங்கள். முயல் பாய்ந்த இடத்தில் பின்னங்கால் இரண்டும் முன்னங்காலுக்கு முன்னே விழுந்திருக்கும், அதைக் கண்டுபிடித்தால் எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லிவிடலாம். மானின் குளம்பு இரண்டு துண்டாகப் பதிந்திருக்கும். மரங்களில் கறுப்புத் தொப்பி போட்டதுபோல ஒரு சின்னக் குருவி தன் பெயரையே கத்திக்கொண்டு திரியும், சிக்கடீ என்பார்கள். ஏறக்குறைய 11 கிராம் எடை. தெற்கே பறந்து போகாமல் இங்கேயே வின்டரைக் கழிக்கிறது. இரவில் தன் உடம்பு வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்கு இறக்கிவைத்து, பகலில் சேர்த்த கொழுப்பை விடியும்வரை மிச்சம் பிடிக்கும். முதல் நாள் நான் கூட்டிப்போகிற குடும்பங்களுக்கு இந்தக் குருவியைத்தான் காட்டுவேன். கையில் தீனி வைத்து நீட்டவேண்டாம், தேசியப் பூங்காவில் அதற்கு அனுமதி இல்லை.

சாப்பாடு கட்டாயம் கொண்டுபோங்கள். நடுங்குகிற உடம்பு சாப்பாட்டை விறகுபோல எரிக்கும். பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட பிளேன் ரீ, கடிக்கப் பனங்கட்டி. பனங்கட்டியை ஜக்கெற்றின் உட்பையில் வையுங்கள், வெளிப்பையில் வைத்தால் பல்லுக்கு வேலை வந்துவிடும். எள்ளுருண்டையும் கச்சானும் நல்லது. பாண் சுருட்டி அதற்குள் சம்பல் வைத்தது எங்கள் நடைகளில் எப்போதும் முதலில் முடிகிற சாமான். விஸ்கி குடித்தால் குளிர் தெரியாது என்று உங்கள் வீட்டுக்காரரின் நண்பர்கள் சொல்லக்கூடும். தெரியாதுதான், ஆனால் தோலுக்கு இரத்தம் பாய்ந்து உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும். வீடு திரும்பின பிறகு அவர்கள் விருப்பம்.

ஸ்கேற்றிங்குக்குக் காசு தேவையில்லை. ரொறன்ரோ நகரசபைக்கு 50க்கும் மேற்பட்ட வெளி ஐஸ் தளங்கள் இருக்கின்றன, பொது நேரத்தில் இலவசம். நகரத்துக்குள் கார்டினர் மேம்பாலத்துக்குக் கீழே பென்ற்வே என்ற இடத்தில் 220 மீற்றர் நீளத்துக்கு எட்டு வடிவத்தில் ஒரு ஐஸ் பாதை 2018இல் திறந்தார்கள், அதுவும் இலவசம், ஆனால் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். ஸ்கேற்ஸை வாடகைக்கு எடுக்கலாம் அல்லது பழசாக வாங்கலாம். கணுக்காலை இறுக்கிக் கட்டுங்கள், முழங்காலை மடித்து வையுங்கள், விழுவதென்றால் முன்பக்கமாகவோ பக்கவாட்டிலோ விழப் பழகுங்கள். பின்பக்கம் விழுந்தால் தலை அடிபடும். ஹெல்மெற் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், முப்பது வயதில் முதல்முறை ஐஸில் நிற்கிற உங்களுக்கும் வேண்டும்.

ஆனால் குளம், ஆறு, ஏரி எதன் மீதும் நீங்களாக இறங்கவேண்டாம். நடக்கக் குறைந்தது 15 சென்ரிமீற்றர், பலர் சேர்ந்து விளையாட 20 சென்ரிமீற்றர் ஐஸ் வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் அறிவுரை. அந்த இலக்கம் தெளிந்த நீலநிற ஐஸுக்கு. ஸ்நோ கலந்து வெள்ளையாக உறைந்த ஐஸுக்குப் பாதிப் பலம்தான், சாம்பல் நிற ஐஸை நம்பவே கூடாது. ஒரு இடத்தில் துளைத்து அளந்தாலும் பத்தடி தள்ளி எப்படி இருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கீழே தண்ணீர் ஓடுகிற இடத்தில் மெல்லிசாக இருக்கும். அளந்து பார்த்துக் கொடி கட்டித் திறந்துவிட்ட இடங்களில் மட்டும் இறங்குங்கள். இருபத்தைந்து வின்டருக்குப் பிறகும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

இப்போது உங்கள் லோங் வீக்கெண்ட். கார் இல்லாத குடும்பத்துக்கு ஒட்டாவாதான் என் பதில். ரொறன்ரோ யூனியன் ஸ்ரேஷனிலிருந்து வீயா என்ற நெடுந்தூர ரெயினில் நாலரை மணித்தியாலம் அளவு. சில ரெயின்கள் ஸ்காபரோவின் கில்ட்வூட் ஸ்ரேஷனிலும் நிற்கும், உங்களுக்கு அது வசதி. ஒட்டாவா ஸ்ரேஷன் வாசலிலேயே நகர ரெயின் இருக்கிறது, அதில் ஏறினால் ரிடோ கால்வாய்க்குக் கிட்ட இறங்கலாம். வின்டரில் அந்தக் கால்வாய் நகரின் நடுவால் 7.8 கிலோமீற்றர் நீளத்துக்கு ஸ்கேற் பண்ணுகிற தெருவாகிவிடும். 1970-71 வின்டரில் தொடங்கியது, இலவசம். பச்சைக்கொடி என்றால் திறந்திருக்கிறது, சிவப்பு என்றால் மூடியிருக்கிறது. ஐஸ் 30 சென்ரிமீற்றர் வந்தபிறகுதான் திறப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் முதுகில் பையோடு அதன் மேலால் ஸ்கேற் பண்ணிக்கொண்டு போவதைப் பார்த்தபோதுதான் இந்த ஊர் ஆக்கள் வின்டரை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு விளங்கியது. கரையோரக் கடைகளில் பீவர்ரெயில் என்று நீளமாகத் தட்டிப் பொரித்த மா, அதற்கு மேல் கறுவாவும் சீனியும். பிள்ளைகளுக்கு அதற்காகவே போகலாம். பெப்ரவரியில் வின்ரர்லூட் விழா, 1979 முதல் நடக்கிறது. ஐஸ் சிற்பங்களும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கற்றினோவில் பிள்ளைகளுக்கு ஸ்நோச் சறுக்கல்களும் இருக்கும். அதிகமானவை இலவசம். மூன்று நாளில் ஹொட்டேலும் ரெயினும்தான் உங்கள் பெரிய செலவு.

இதில் நிச்சயமில்லாத ஒன்று உண்டு, கால்வாய் திறந்திருக்குமா என்பது. 2022-23 வின்டரில் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. தொடங்கி ஐம்பது வருடத்துக்கு மேலான சரித்திரத்தில் அது முதல் தடவை. மழையும் சூடும் நடுவில் வந்தால் திறந்ததையும் மூடுவார்கள். அதனால் ஹொட்டேலை ரத்துச் செய்யக்கூடிய விதத்தில் பதியுங்கள், கால்வாயை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒட்டாவா நகரமண்டப முன்றலில் யந்திரத்தால் குளிரூட்டிய ஐஸ் தளம் இருக்கிறது, கால்வாய் மூடியிருந்தாலும் அங்கே ஸ்கேற் பண்ணலாம். மற்ற நேரத்துக்குக் கற்றினோவில் கனடா வரலாற்று அருங்காட்சியகம், பிள்ளைகளுக்கான பகுதி தனியாக உண்டு. காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை வெளியே, மதியம் உள்ளே, மூன்று மணிக்குப் பிறகு திரும்ப ஒரு மணித்தியாலம் வெளியே. நாலு வயதுப் பிள்ளையோடு இதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

காட்டுக்குள் ஒரு குடிசை, விறகடுப்பு, வெளியே ஸ்நோ என்று நீங்கள் கேட்டதும் நடக்கும், ஆனால் அது அடுத்த வின்டருக்கு இருக்கட்டும். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட ஓடினால் அல்கொன்குவின் பூங்கா. அங்கே மியூ லேக்கில் யேர்ட் என்ற வட்டக் கூடாரங்கள் வின்டரிலும் சூடாக்கி வாடகைக்குக் கிடைக்கின்றன. ஆறு பேர் படுக்கலாம். ஐந்து மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கும், வின்டர் வீக்கெண்டுகள் சீக்கிரம் போய்விடும். உள்ளே சமைக்கக் கூடாது, சமையல் வெளியேதான். இரவு கழிவறைக்கு ஸ்நோவில் நடந்துதான் போகவேண்டும். ஆனால் அந்த நடையில் ஒருதரம் நின்று மேலே பாருங்கள். குளிர்காற்றில் ஈரம் குறைவு, ஊர் வெளிச்சம் இல்லை, வானம் முழுக்க வெள்ளி. ஏரிப்பக்கம் இருந்து ‘டும்’ என்று ஆழமாக ஒரு சத்தம் வரும், பிறகு நீளமாக ஒரு முனகல். இரவுக் குளிரில் ஐஸ் சுருங்கி வெடிக்கிற சத்தம் அது. முதல் தரம் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்படிப் போவதென்றால் கார் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்ராரியோவில் ஸ்நோ ரயர் சட்டப்படி கட்டாயமில்லை. கியூபெக்கில் பதிவான வண்டிகளுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். சட்டம் எப்படி இருந்தாலும், 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் றப்பர் இறுகி றோட்டைப் பிடிக்காது. வாடகைக் காரில் ஸ்நோ ரயர் இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். டிசம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முதலே இருட்டிவிடும், வெளிச்சத்தோடு போய்ச் சேருகிற மாதிரிக் கிளம்புங்கள். தனியார் கொட்டேஜ் என்றால் கேட்கவேண்டிய முதல் கேள்வி வாசல்வரை றோட்டில் ஸ்நோ தள்ளுவது யார் என்பது, இரண்டாவது கார்பன் மொனொக்சைட் (அடுப்புப் புகையில் வருகிற, மணமில்லாத நச்சு வாயு) அலாரம் வேலை செய்கிறதா என்பது. வழியில் ஸ்நோவுக்குள் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எஞ்சினை இடைக்கிடை மட்டும் ஓடவிடுங்கள், அதற்கு முன் புகைக்குழாயை மூடிய ஸ்நோவைக் கையால் அகற்றுங்கள்.

இன்னொன்று, ஜனவரி நடுவில் தைப்பொங்கல் வருகிறது. இங்கே பலர் அதை வீட்டு அடுப்பில் வைத்து முடித்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்குப் பின்வளவு இருந்தால் வெளியே பொங்கிப் பாருங்கள். நாங்கள் ஸ்நோவை அள்ளிக் காற்றுப் பக்கத்துக்கு இடுப்பளவு சுவர் கட்டுவோம், நடுவில் காஸ் அடுப்பு. கோலம் ஸ்நோவின் மேல் போட்டால் வெள்ளையில் வெள்ளை தெரியாது, மஞ்சளும் குங்குமமும் கலந்து போடுவோம். மைனஸ் 12இல் பால் பொங்க நேரமெடுக்கும், ஆனால் பொங்கி வழிந்து ஸ்நோவில் விழுகிறபோது எழும்புகிற ஆவியைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். காற்று கூடவென்று கராஜுக்குள் அடுப்பை வைத்துக் கதவை மூடவேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

நீங்கள் எழுதிய ‘மனம் பாரமாக இருக்கிறது’ என்பதற்கும் ஒரு வார்த்தை. பகல் ஒன்பது மணித்தியாலத்துக்குச் சுருங்கும்போது சிலருக்கு மனம் இறங்குவது மருத்துவம் ஒத்துக்கொண்ட விஷயம், காலை வெளிச்சம் பலருக்கு உதவுகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. நடை மட்டுமே அதைச் சுகப்படுத்தும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தால் குடும்ப டொக்டரிடம் சொல்லுங்கள். வெய்யிலில் நடந்தால் வைற்றமின் டி கிடைக்கும் என்பதும் இங்கே டிசம்பர், ஜனவரியில் சரிவராது. சூரியன் அவ்வளவு தாழ்வு, எங்கள் தோலுக்கு இன்னும் கூடிய வெய்யில் வேண்டும். குளிசை எடுப்பதா, எவ்வளவு என்பதையும் டொக்டரிடமே கேளுங்கள்.

ஆகவே ஒட்டாவாவுக்கு ரிக்கற் எடுப்பதற்கு முன் வருகிற சனிக்கிழமையைப் பாருங்கள். முதல் நடை என்பதால், விண்ட் சில் மைனஸ் 15க்கு மேலே இருந்தால் மட்டும் பதினொரு மணிக்குக் கிளம்புங்கள், வெய்யில் ஓரளவு ஏறியிருக்கும். ரூஜ் பாதையில் மேட்டுப் பகுதியை விட்டு இறங்காதீர்கள், பள்ளத்துப் படிகளில் ஐஸ் பிடித்திருக்கும், அங்கே வின்டரில் உப்புப் போடுவதில்லை. இருபது நிமிடம் போனதும், எல்லோரும் இன்னும் போகலாம் என்று சொல்கிறபோதே திரும்புங்கள். பிளாஸ்க்கைத் திரும்புகிற இடத்தில் திறவுங்கள், பஸ் தரிப்பில் திறக்கலாம் என்று வைத்துக்கொண்டு வராதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பூட்ஸுக்குள்ளிருக்கிற உறையை இழுத்து வெளியே காயவிடுங்கள், அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஈரக்காலோடு போகக் கூடாது. பிள்ளைகளின் பூட்ஸ் அளவையும், ஸ்காபரோவில் எந்தச் சந்திக்குக் கிட்ட இருக்கிறீர்கள் என்பதையும் எழுதினால், எந்தப் பாதையில் இறங்குவது, எந்தக் கடையில் முதலில் தேடுவது என்று சொல்கிறேன்.